தண்டவாளத்தில் வைத்த மூன்று விரல்

எங்கள் வீட்டில் டனல் என்று சொன்னால், எந்த டனல் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. நான் வேலை செய்வது பண்டாரவளைப் பக்கம் ஒரு முதலாளியின் பொலித்தீன் டனலில், செடி வளர்க்கிற கூடாரத்தில். கறிமிளகாய்ச் செடிக்கு நூல் கட்டுவேன், தண்ணீர் விடுவேன். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசை வீடான லயத்திலிருந்து பஸ் ரோட்டுக்குக் குறுக்கு வழி, மலையைக் குடைந்த ரயில் டனல். மூன்றாவது டனல் என் மனைவியின் கைக்குள் இருந்தது. அது போன மாசி வரைக்கும் எங்களுக்குத் தெரியாது.

ரயில் டனலுக்குள் நடக்கக் கூடாது என்று போர்டு போட்டிருக்கிறார்கள். சுற்றி நடந்தால் ஒரு மணி நேரம் ஆகும், அதனால் எல்லோரும் உள்ளேதான் போவோம். வாசலில் முனியாண்டி சாமி கல் இருக்கிறது. அதற்கு ஒரு பூ வைத்துக் கும்பிட்டுவிட்டு, யாராவது ஒருத்தர் தண்டவாளத்தில் விரல் வைத்துப் பார்ப்பார்கள். தூரத்தில் ரயில் வந்தால் இரும்பு அதிரும். என் மனைவியின் விரல் பொய் சொல்லாது என்று லயத்தில் பேர். அவளோடு தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள், "டேசன் மாஸ்டரம்மா, கொடி காட்டுங்க, போவோம்" என்று அவளைக் கிண்டல் பண்ணுவார்கள். அவள் மூன்று விரலை வைத்து, கண்ணை மூடி, "வரல, வாங்கடி" என்பாள். அதன் பிறகு யாரும் யோசிக்க மாட்டார்கள். நானும் யோசித்ததில்லை.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. பதுளைக் கோயிலுக்கு அர்ச்சனைத் தட்டோடு நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம். காலை ரயில் போய்விட்டிருந்தது. அவள் பூ வைத்தாள், விரல் வைத்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட நேரம் வைத்திருந்தாள்.

"வரலங்க. நடங்க."

பாதி தூரம் போயிருப்போம். காலுக்குக் கீழே சல்லிக்கல் நடுங்கியது. பின்னால் திரும்பினேன். நாங்கள் நுழைந்த வாசலின் வெளிச்சம் சட்டென்று அடைபட்டது. வழக்கத்தில் இல்லாத ஏதோ ஒரு ரயில். ஹோர்ன் சத்தம் சுவரெல்லாம் மோதியது. தட்டைப் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்து இழுத்தேன். சுவரில் ஒதுங்கி நிற்க அங்கங்கே மாடம் விட்டிருப்பார்கள். இருட்டில் தடவிக்கொண்டே ஓடினேன். வெறும் சுவர், ஈரச் சுவர், மறுபடியும் சுவர். முருகா என்று கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. ஒவ்வொரு நாளும் விளக்கு வைத்துக் கூப்பிடுகிற பேர் அது. கை ஒரு பள்ளத்தில் விழுந்தது. அவளை உள்ளே தள்ளி நானும் ஒட்டிக்கொண்டேன். பெட்டி பெட்டியாக என் முதுகை உரசுகிற மாதிரி ரயில் போனது.

ரயில் போனதும் வெளியே வந்தோம்.

"ஏன் புள்ள, வரலன்னு சொன்னியே?"

அவள் அழுதாள். "மூணு மாசமா இந்த விரல்ல ஒண்ணுமே தெரியலங்க. சுடுதண்ணியும் தெரியல. சொன்னா கொழுந்து மலைக்கு வர வேணாம்னு தோட்டத்துல நிறுத்திருவாங்கன்னு பயந்தேன். இன்னிக்கும் தெரியல. தெரியலன்னா ரயில் வரலன்னு நெனச்சிக்கிட்டேன்."

மூன்று மாதமாக எத்தனை பெண்களை அந்த விரலை நம்பி உள்ளே கூட்டிப் போனாளோ.

கோயிலுக்குப் போகவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம். யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா ஒருவர் அவள் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார். "உங்கட கைக்குள்ளயும் ஒரு டனல் இருக்கம்மா. நரம்பு அதுக்குள்ளாலதான் போகுது. இப்ப அது இறுகிப்போச்சு. வெட்டி இடம் குடுக்கவேணும்."

"வெட்டாம விட்டா?" என்று நான் கேட்டேன்.

"பெருவிரல் சதை வத்திப்போகும். பிறகு வெட்டியும் பெரிசா பிரயோசனம் இராது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள். "கத்தி பட்டு கையே போயிருச்சுன்னா? கொழுந்து எடுக்கிற கைங்க." எனக்கும் அதே பயம்தான். ஆனால் ரயிலுக்கு முன்னால் நின்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. "பண்ணிக்க" என்றேன். விரல் மரத்துப்போனதை லயத்துப் பெண்களிடமும் அன்றைக்கே அவளே போய்ச் சொன்னாள். இந்தத் தடவை யாரும் கிண்டல் பண்ணவில்லை.

ஒப்பரேஷன் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. சொரணை மெதுவாகத்தான் திரும்பும் என்றார்கள். திரும்பாமலும் போகலாம் என்று ஒரு நர்ஸ் சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை. சாமியிடம் மட்டும் சொன்னேன்.

போன வெள்ளிக்கிழமை முனியாண்டிக்குப் பூ வைக்கப் போனோம். அவள் குனிந்து மூன்று விரலையும் தண்டவாளத்தில் வைத்தாள். நான் பக்கத்தில் குனிந்து கேட்டேன்.

"ரயில் வருதா?"

"அது தெரியலங்க." கையை எடுக்கவில்லை. "இரும்பு சில்லுன்னு இருக்கு."

நான் கல்லின் முன்னால் விழுந்து கும்பிட்டேன். பிறகு இரண்டு பேரும் ரோட்டு வழியாகச் சுற்றியே நடந்தோம்.