ஆஸ்டர் கோப்பை

புனே அருகே தேஹு ரோடு தமிழ் மன்றத்தின் மலர்க் காட்சியில் ஆஸ்டருக்கென்று தனிக் கோப்பை உண்டு. 1997இல் ஃபிலோமினாவின் சைனா ஆஸ்டர் அதை வாங்கும் நேரத்தில், பக்கத்து வீட்டு பானு நடுவரிடம் போனாள்.

"சார், இது ஆஸ்டர் பேரினத்துலயே வராது. புஸ்தகத்துல பாருங்க."

நடுவர் பார்த்தார். கோப்பை பானுவின் அமெரிக்க ஆஸ்டருக்குப் போனது.

ஃபிலோமினா அழவில்லை. விடுமுறை தோறும் புனேக்கு லோக்கல் ரயில் பிடித்து, நூலகத்தில் தாவரவியல் படித்தாள். மறு ஆண்டு பானு அதே செடியை மேசையில் வைத்ததும் எழுந்தாள்.

"அமெரிக்க ஆஸ்டரையும் இப்ப வேற பேரினமாப் பிரிச்சிட்டாங்க, சார். போன வருஷ விதியையே போடுங்க."

"ஒரு பூவுக்காகவா அக்கா இப்படி?" என்றாள் பானு.

"போன வருஷம் நீ மட்டும் என்னடி, புளியங்காய்க்காகவா செஞ்சே?"

அவ்வாண்டு கோப்பை யாருக்கும் இல்லை. ஃபிலோமினா ஜிலேபி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள்.