நாடி வந்தேன்

அடியார்களே, என் நெஞ்சுக்குப் பகல் எது, இரவு எது என்று தெரியாமல் போயிருந்தது. படுத்தால் அடங்காது. ஓடினால் ஏறாது. எண்பதுகளின் கடைசியில், தைப்பூசம் கழிந்த வாரம், புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் ஓடுகிற மிஷின் முன்னால் மயங்கிச் சரிந்தேன். கை தப்பியது. அடுத்து எங்கே விழுவேன்? படியிலா, பஸ்ஸுக்கு முன்னாலா? உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் எங்காவது போகத் தோன்றும்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் மட்டும் நெஞ்சு நல்ல பிள்ளையாகிவிடும். "ஒன்னும் இல்லலா, மனசுதான்" என்று அனுப்பிவிடுவார்கள். பைத்தியமா நான்?

கடைசியில் ஒரு டாக்டர், ஒரு நாள் முழுக்க நெஞ்சுத் துடிப்பைப் பதியும் பெட்டியைத் தோளில் மாட்டி, மார்பில் வயர் ஒட்டி அனுப்பினார். "எப்பவும் போல இருங்க" என்றார். நான் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

என் மனைவி சாரதாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னங்க, போட்டோ பிடிக்கிற மாதிரி அசையாம கிடக்கிறீங்க? அதுவும் நல்ல பிள்ளையாத்தான் நடிக்கும். எழுந்திரிங்க, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போவோம்."

"மேல போய் விழுந்தா?"

"பிடிக்க நான் இல்லையா?"

ஏறினேன். மூச்சு இரைத்தது, சட்டை நனைந்தது. நெஞ்சோ பாசாரில் மீன் பார்க்கிறவன்போல மெதுவாக, மெதுவாக. பாதிப் படியில் ஓர் அக்கா வயரைப் பார்த்துவிட்டு, "தம்பி, பூசம்தான் முடிஞ்சிருச்சே, இது என்ன புதுக் காவடி?" என்றார்.

"கரண்டு காவடிக்கா." சிரிக்க மூச்சில்லை.

சன்னிதியில் நான் சுகம் கேட்கவில்லை. "முருகா, உன்னை நாடி வந்தேன். என் நோயை ஒளிக்காதே, காட்டிக்கொடு." தீபாராதனை. மணி சட்டென்று நின்றது. கண் திறந்தபோது சாரதாவின் மடியில் கிடந்தேன். மணி நிற்கவே இல்லையாம். நின்றது நான்.

எல்லாம் பெட்டியில் பதிந்திருந்தது. படியேறியும் ஏறாத துடிப்பு, தூங்கியும் இறங்காத துடிப்பு, சன்னிதியில் மணியடித்தபோது விழுந்த வெறுங்கோடு. பதிவைப் பார்த்த டாக்டர் நிமிர்ந்து, "எந்தெந்த நாட்டுல இருந்திருக்கீங்க?" என்றார். வாலிபத்தில் கப்பல் வேலை. பிரேசிலில் கப்பல் பழுதாகி, கரையில் ஒரு மண்சுவர் வீட்டில் தங்கியிருந்தேன். ரத்தம் வெளிநாட்டுக்குப் போய் விடை வந்தது. மண்சுவர்ப் பூச்சி ஒன்று எப்போதோ தந்த நோய், இத்தனை வருஷம் சத்தமில்லாமல் இருந்து, நெஞ்சின் தாளத்தைக் கெடுத்திருக்கிறது. பெயர் சாகாஸ்.

நான் அழுதேன். சாரதா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "பேருலேயே 'சாகா'ன்னு இருக்கு. அப்புறம் எதுக்கு அழுவறீங்க?"

தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். நோய் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு நான் விழவில்லை. தைப்பூசத்துக்கு மலையடியில் தண்ணீர்ப் பந்தலில் நிற்கிறேன், மயங்குகிறவர்களைத் தாங்கிப் பிடிக்க.

போன முறை ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஒரு மலாய் மிஸ்ஸி, என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "நாடி பாகூஸ்" என்றாள். நாடி நன்றாக இருக்கிறதாம். அவள் மொழியிலும் அது நாடிதான். எனக்கோ மலையில் நான் சொன்ன சொல் திரும்பி வந்தது.

உங்கள் துன்பமும் பிறர் கண்ணுக்குத் தெரியாததாக இருக்கலாம். கூசாமல் முருகன்முன் கொண்டுபோய் வையுங்கள். நாடிப் பாருங்கள்.