கிழக்கே திருப்பிய ஆண்டெனா

என் மனைவி பத்தொன்பது வருஷம் வானொலியில் பேசினாள். அதில் ஒரு நாள்கூட நான் வீட்டில் உட்கார்ந்து முழுதாகக் கேட்டதில்லை. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை.

திருநெல்வேலிப் பக்கத்து நிலையம் ஒன்றில் அவள் தற்காலிக அறிவிப்பாளர். மாதத்தில் ஐந்தாறு நாள் கூப்பிடுவார்கள். அன்றைக்குக் காலையில் குழம்பை இறக்கி மூடி வைத்துவிட்டு, தென்காசி பஸ் நிலையத்தில் ஆலங்குளம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடிப்பாள். தொண்டைக்குக் காற்றுப் படக்கூடாது என்று சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொள்வாள். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றுகிறபோதே, "இன்னைக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்பாள். "நல்லா இருந்துச்சு" என்பேன். அவளும் சந்தோஷமாக முகம் கழுவப் போவாள்.

நான் சர்வேயர். வீரகேரளம்புதூர் தாலுகாவில் ஊர் ஊராகச் சங்கிலி இழுத்துக்கொண்டு அலைந்த காலத்தில் வேலை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சாக்கும் இல்லை. உண்மையான காரணம், எங்கள் வீட்டில் அந்த நிலையம் எடுக்காது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், மலைக்குக் கொஞ்சம் முன்னால் வீடு. ரேடியோவைப் போட்டால் அரிசி புடைக்கிற மாதிரி ஓர் இரைச்சல். அதற்கு நடுவே செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்தவர் போல ஒரு மலையாளத்துக்காரர் உட்கார்ந்திருப்பார். என் மனைவி பேச வேண்டிய நேரத்தில் அவர் மரச்சீனிக் கிழங்குக்கு உரம் போடுவது பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பேன். எனக்குப் பொறுமை கம்மி. அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன்.

அப்படியே இருந்திருப்பேன். போன ஆடியில் அவள் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது.

திருநெல்வேலியில் டாக்டரிடம் போனோம். நல்ல மனிதர். படம் வரைந்து காட்டினார். பயப்படுகிற கட்டி இல்லை, ஆனால் எடுத்துவிட வேண்டும், குரலுக்குப் போகிற நரம்பு அதற்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது, எவ்வளவு ஜாக்கிரதையாகச் செய்தாலும் குரல் மாற வாய்ப்பு உண்டு என்றார். அடுத்த வாரம் புதன்கிழமை நாள் குறித்தார்கள்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். ஆலங்குளம் தாண்டியதும் அவள் சொன்னாள்: "வார ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு என் நிகழ்ச்சி ஒண்ணு வருது. போன மாசம் ரெக்கார்டிங் பண்ணுனது. அத நம்ம வீட்டுல, நம்ம ரேடியோவுல வச்சுக் கேக்கணும்."

"கேட்டாப் போச்சு."

"நீங்களும் பக்கத்துல இருக்கணும்."

"நான்தான் எப்பவும் கேக்கேனே" என்றேன். வாய் பழகிவிட்டது.

அவள் ஜன்னல் பக்கமிருந்து திரும்பினாள். "நம்ம வீட்டுல எடுக்காதுன்னு எனக்குத் தெரியாதா? முத வருசமே தெரியும்."

நான் நடத்துநரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருக்கட்டும்" என்றாள். "நீங்க நல்லா இருந்துச்சுன்னு சொல்லுதது நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். இப்படிச் சொன்னால் மனுஷன் என்ன செய்வான்? பஸ் பாவூர்ச்சத்திரத்தில் நிற்பதற்குள் நான் மனசுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அந்த மலையாளத்துக்காரர் எங்கள் வீட்டில் இருக்கக்கூடாது.

செல்போனில் கேட்கலாமே என்று சிலர் நினைக்கலாம். எங்கள் வீட்டுக்குள் நெட் வருவது அவசர வேலை இருக்கிற விருந்தாளி வருவது போலத்தான். வாசலில் தலையைக் காட்டிவிட்டுப் போய்விடும். அதோடு, அவள் கேட்டது நம்ம ரேடியோ.

மறுநாள் தெருமுனை ஹார்டுவேர் கடை அண்ணாச்சியிடம் போனேன். டிவி வந்த புதிதில் எங்கள் தெரு முழுக்க ஆண்டெனா கட்டிக்கொடுத்தவர் அவர்தான்.

"புதுசு எதுக்கு?" என்றார். "ஒங்க மாடியில பழைய ஆண்டெனா காக்கா உக்காரதுக்குன்னே நிக்கில்லா? ஒடைஞ்ச கம்பிய மாத்துங்க. புது கேபிள் இழுத்து ரேடியோவுக்குப் பின்னால குடுங்க. சும்மா கணீர்னு பேசும்."

கேபிளும், அதன் முனையில் மாட்டுகிற தீப்பெட்டி அளவு டப்பா ஒன்றும், இரண்டு அலுமினியக் குழாயும் கொடுத்தார்.

வியாழக்கிழமை சாரல் விடவே இல்லை. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று ஊரெல்லாம் கார்கள் போய்க்கொண்டிருந்தன. நான் ஈர மாடியில் கோணிச்சாக்கை விரித்து அதன்மேல் நின்று வேலை பார்த்தேன். அவள் குடையோடு வந்து பின்னால் நின்றாள். "வழுக்கி விழுந்துராதிய. அப்புறம் ஆஸ்பத்திரியில ரெண்டு கட்டில் கேக்கணும்" என்றாள். குடை எனக்குத்தான் பிடித்திருந்தாள். அவள் தோள் நனைந்திருந்தது. கழுத்தை மூடு என்று கத்தினேன். ஏன் கத்தினேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை கேபிளை இறக்கி ரேடியோவில் மாட்டினேன். பெட்டி உண்மையிலேயே கணீரென்று பேசியது. மலையாளத்தில். அந்த மனிதர் பேச்சுக்கு நடுவே எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. எங்கள் நிலையம் அவர் காலடியில் எங்கேயோ கிடந்து முனகியது.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "ஒசரம் பத்தாது" என்றார். இன்னும் ஒரு குழாயைச் சேர்த்து உயர்த்தினேன். மலையாளத்துக்காரர் இன்னும் தெளிவானார். ஸ்குரூ முடுக்கிக்கொண்டிருந்த திருப்புளியைத் தூக்கி எறிந்தேன். அது பக்கத்து வீட்டு முருங்கையடியில் போய் விழ, அதை எடுக்க நான்தான் சுற்றிப் போக வேண்டியிருந்தது.

சனிக்கிழமை காலையில் நான் அண்ணாச்சியையும் மலையையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆண்டெனா எந்தப் பக்கம் பாத்து நிக்கி?" என்று கேட்டாள்.

"வடக்க. கொடைக்கானலப் பாத்து."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? தெரு பூராவும் அப்படித்தான நிக்கி."

எங்கள் பக்கம் டிவி வந்தபோது படம் கொடைக்கானல் கோபுரத்திலிருந்துதான் வந்தது. அதனால் எல்லா வீட்டு ஆண்டெனாவும் வடக்கே பார்த்து நின்றன. பிறகு டிஷ் வந்தது. ஆண்டெனாக்களை யாரும் கழற்றவும் இல்லை, திருப்பவும் இல்லை. ஆண்டெனா என்றால் கொடைக்கானலைப் பார்ப்பது என்று எங்கள் கண்ணுக்குப் பழகிப்போயிற்று. கட்டிக்கொடுத்த அண்ணாச்சிக்கும் அப்படித்தான்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "நான் எங்க போயிப் பேசுதேன்? கொடைக்கானலுக்கா பஸ் ஏறுதேன்?"

நான் மாடியைப் பார்த்தேன், அப்புறம் பஸ் போகிற ரோட்டைப் பார்த்தேன்.

"ஊரான் நெலத்துக்கெல்லாம் வடக்கு இது, தெக்கு இதுன்னு கல்லு நட்ட மனுசன்!" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். வெங்காயக் கையால் கண்ணைத் துடைத்து, அது எரிந்து, அதற்கும் சேர்த்துச் சிரித்தாள். சிரிப்பு இருமலானது. கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்புச் சத்தம் வீடு முழுக்க இருந்தது. புதன்கிழமைக்கு இன்னும் நாலு நாள்தான் என்று நினைத்தேன். சிரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன்.

முப்பது வருஷத் துரு. தேங்காய் எண்ணெய் விட்டு, ஊறவைத்து, சுத்தியலால் தட்டித் தட்டித்தான் குழாயைப் பிடித்திருந்த கிளாம்ப் அசைந்தது. அவள் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு மாடிப்படியில் பாதியில் நின்றுகொண்டாள். நான் குழாயை இம்மி இம்மியாகத் திருப்பினேன். அவள் கீழிருந்து சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இரையுது... இன்னும் கொஞ்சம்... பாட்டு வருது... ஐயோ, போயிட்டு, திரும்பவும் கொண்டாங்க... இன்னும்... மலையாளத்துக்காரரு போறாரு... போயிட்டாரு! நில்லுங்க, நில்லுங்க, அசையாதிய!"

கிழக்கு, கொஞ்சம் தெற்கே சாய்ந்து. அவள் பத்தொன்பது வருஷம் பஸ்ஸில் போன திசை. நட்டை முறுக்கிவிட்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கே ரேடியோவைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாயிற்று. பக்கத்தில் என் செல்போன், பதிவு செய்வதற்கு. பதினோரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது இரைச்சல் வந்துவிட்டது. பதறிப்போய்ப் பார்த்தேன். பின்பக்கம் கேபிள் நுனி லூசாக இருந்தது. அழுத்திப் பிடித்தால் தெளிவு, விட்டால் இரைச்சல். திருப்புளியைத் தேட நேரமில்லை. அப்படியே இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் குரல் வந்தது. நிதானமாக, ஒவ்வொரு வார்த்தைக்கும் இடம் விட்டு. வீட்டில் எனக்குத் தெரிந்தவள் இப்படிப் பேசமாட்டாள். நேயர் கடிதங்கள் வாசித்தாள். சாரல் காலத்தில் உப்பு நார்த்தங்காய் பூசணம் பிடிக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். இந்தக் குரலை ஊரே கேட்டிருக்கிறது, நான்தான் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

இவளோ பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடவில்லை. "இந்த எடத்துல இருமல் வந்துட்டு. வெட்டிட்டாங்க, தெரியுதா?" "இந்த லெட்டர் எழுதுன அம்மா வருசா வருசம் எழுதுவா, பாவம்." "கை வலிக்கா? மாத்திப் பிடிங்க." "அடுப்புல பாலு வச்சேன், பொங்குதான்னு பாருங்க... வேண்டாம் வேண்டாம், நீங்க விடாதிய, நானே போறேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, ரெக்கார்ட் ஆகுது. கொஞ்ச நேரம் சும்மா இரேன்."

"நான் பேசுததுக்கு நடுவுல நான்தான பேசுதேன். ஒங்களுக்கு என்ன?" என்றாள்.

அரை மணி நேரம் அப்படியே போயிற்று. நிகழ்ச்சி முடிந்து வேறு யாரோ விளம்பரம் சொல்ல ஆரம்பித்த பிறகும் நான் கேபிளை விடவில்லை. அவள்தான் வந்து என் விரல்களைப் பிரித்துவிட்டாள். "முடிஞ்சிட்டு. கைய எடுங்க" என்றாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

புதன்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி அந்தக் குரல் நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்ததாம், நரம்பைத் தொடாமல் எடுக்க முடியவில்லையாம். முன்பே சொன்னதுதானே என்று டாக்டர் என் தோளைத் தொட்டார். அவள் நன்றாகச் சாப்பிடுகிறாள், நடக்கிறாள், சாயங்காலம் பஜாருக்குப் போகிறாள். குரல்தான் காற்றாகிவிட்டது. அடுத்த அறையிலிருந்து என்னைக் கூப்பிட முடியாது. வேண்டுமென்றால் டம்ளரைக் கரண்டியால் தட்டுவாள். ஒரு தட்டுக்கு நான் போகாவிட்டால் மூன்று தட்டு, அதில் பழைய அதட்டல் அப்படியே இருக்கும். நிலையத்துக்கு இனி வரவில்லை என்று அவளே சொல்லிவிட்டாள்.

அங்கே கூட வேலை பார்த்தவர்கள் அந்த நிகழ்ச்சியை ஒரு பென் டிரைவில் போட்டு அனுப்பினார்கள். சுத்தமான ஒலி. இரைச்சல் இல்லை, பக்கத்தில் பேச்சு இல்லை. ஒரு தடவை கேட்டேன். பிறகு அதைப் பத்திரமாக பீரோவில் வைத்துவிட்டேன்.

போன வாரம் மத்தியானம், அவள் தூங்குகிறாள் என்று நினைத்து, மாடிப்படியில் உட்கார்ந்து என் செல்போனில் இருப்பதைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். ரேடியோ தூரத்தில் மங்கலாகப் பேசுகிறது. கிட்டத்தில், என் காதுக்குப் பக்கத்தில் வந்து பேசுகிற மாதிரி, "கை வலிக்கா? மாத்திப் பிடிங்க" என்று அவள் கேட்கிறாள். அடுத்துப் பால். அதற்கப்புறம் அவள் அடுப்படிக்குப் போய்த் திரும்புகிற வரைக்கும் கிட்டத்தில் பேச்சு இல்லை.

பின்னால் வந்து நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, காதைக் கிட்டே கொண்டு வந்து கேட்டுவிட்டு, அந்தக் காற்றுக் குரலில் சொன்னாள்: "இதுல நிகழ்ச்சியே தெளிவா இல்லையே. இத எதுக்குப் போட்டுக்கிட்டு இருக்கிய?"

"ஒண்ணும் பேசாத" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீ பால் பாக்கப் போயிருக்க. கொஞ்சம் பொறு, இப்ப வந்து பேசுவ."