அப்பா ஒப்புக்கொண்ட குடி

என் அப்பாவின் டிரைவர் வேலை போனதற்குக் காரணம் நான். அது தப்புதானா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. அதன் பிறகு வாயை மூடிக்கொண்டிருந்தேனே, அது தப்பு. எழுபதைத் தாண்டிவிட்டேன், சுற்றிவளைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அப்பா நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேன் ஓட்டினார். தாராபுரம் பக்கத்து மில்லிலிருந்து நூல் மூட்டை ஏற்றி வருவது வேலை. அவருக்குச் சர்க்கரை நோய். விடிந்ததும் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி ஊசியைத் தண்ணீரில் கொதிக்கவைப்பாள். கம்பெனிக்குத் தெரிந்தால் வண்டிச் சாவியை வாங்கிவிடுவார்கள் என்பதால், எங்கள் மூவரைத் தவிர யாருக்கும் அது தெரியாது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். "நாக்கு மரத்தாப்பல இருந்தா வண்டிய ஓரங்கட்டீரோணும் கண்ணு" என்பார். சட்டைப்பையில் உள்ள நாட்டுச்சர்க்கரையை வாயில் போட்டு, கை நடுக்கம் நின்று, பிறகு நாலு வாய் சோறும் தின்றபின்தான் சாவியைத் தொடுவார்.

எனக்குப் பதினோரு வயதில் ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன். மில்லில் லோடு ஏற்ற மத்தியானம் தாண்டிவிட்டது. பையில் இருந்த சர்க்கரை அங்கேயே தீர்ந்துபோனது. நேரத்துக்குச் சேர்க்கவேண்டிய அவசரத்தில், வேறு எதுவும் வாங்கித் தின்னாமல் அப்பா கிளம்பினார். கம்பெனிக்கு அரை மைல் இருக்கையில் அவர் பேச்சு குழறியது. வேன் இடப்பக்கம் ஒதுங்கி, ஒரு டீக்கடை பெஞ்சை முறித்து, தண்ணீர்த்தொட்டியில் முட்டி நின்றது. பெஞ்சில் இருந்த இருவர் குதித்துத் தப்பினார்கள்.

அப்பா வேர்த்துக் கொட்டி, தலை தொங்க உட்கார்ந்திருந்தார். நான் கடைச் சர்க்கரையை அள்ளி அவர் வாயில் திணித்தேன்.

"பையன் போதை தெளியவைக்கறானாக்கும்!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

கம்பெனி முதலாளி வந்து சேர்ந்தபோது அப்பாவுக்குத் தெளிந்திருந்தது.

"ஏனுங்க டிரைவர், குடிச்சிருக்கறீங்களா?"

கள்ளைக்கூடத் தொட்டறியாத அப்பா தரையைப் பார்த்தார். "ஆமாங்க மொதலாளி. தப்புங்க. இனிமே தொடமாட்டனுங்க."

முதலாளி திட்டினார், நாளைக்குச் சுத்தமாக வரச் சொல்லிவிட்டுப் போனார். குடித்தவனை மன்னிப்பார்கள், சர்க்கரைக்காரனிடம் வண்டியைக் கொடுக்கமாட்டார்கள் என்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தது.

எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடம்தான். டீக்கடைக்காரர் மகன் என் வகுப்பு. "தொட்டில முட்டுனவரு மவன் வாரான், தள்ளி நில்லுங்கடா!" என்பான். வகுப்பே தள்ளாடி நடந்து காட்டும். நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"எங்கப்பா குடிக்கமாட்டாருங்க. அவருக்குச் சர்க்கரைங்க. தெனமும் ஊசி போட்டுக்கறாருங்க."

ரோட்டில் போகிறவர்கள் உயிரை நினைத்துச் சொன்னதாக இருந்தால் இன்று நிம்மதியாக இருப்பேன். என் மானத்துக்காகச் சொன்னேன்.

முதலாளி கோபிக்கவில்லை. "ஒடம்பு முக்கியமுங்க" என்று சாவியை வாங்கிக்கொண்டு அப்பாவைத் துணிக் குடோனில் உட்காரவைத்துவிட்டார். யார் சொன்னார்கள் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா அம்மாவைக் கேட்டார். "ஏம்புள்ள, நீயா சொன்னே?"

அம்மா என்னைப் பார்த்தாள். என் முகத்தில் எல்லாம் இருந்திருக்கும்.

"நாந்தானுங்க. பயமா இருந்துதுங்க."

அதோடு அப்பா அவளிடம் பேசுவதை நிறுத்தினார். "உங்கம்மாளச் சோறு போடச் சொல்லு" என்று என் வழியாகத்தான் எல்லாம். ஊசியையும் தானே கொதிக்கவைத்துக்கொண்டார். ஒன்பது வருஷம் அந்தத் தூதை நான் சுமந்தேன். ஒரு நாள்கூட உண்மையைச் சொல்லவில்லை.

வேலை கிடைத்து வெளியூர் கிளம்புவதற்கு முன் தாங்கமுடியாமல் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார்.

"ஏன் புள்ள அன்னிக்கே சொல்லல?"

அம்மா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "சொல்லியிருந்தா அவன்கூடத்தானுங்களே பேசாம இருந்திருப்பீங்க? சின்னவனுங்க. தாங்கமாட்டான்."

அன்றே அப்பா அவளிடம் வாய்திறந்து சோறு கேட்டார். என்னிடம் பேச்சை நிறுத்தினார். ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரே கூரையின் கீழ் என்னைத் தாண்டிப் போவார். ஏழு மாதம் அது நீடித்தது. ஏழு மாதத்தையே என்னால் தாங்கமுடியவில்லை.

பதினோரு வயதில், அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே "நாந்தானுங்க" என்று சொன்னபோது, தப்பித்தோம் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது.