நாலரை உறை

தையல் கூடத்தில் எல்லோரும் அவளை இஸ்திரி அக்கா என்றே அழைத்தார்கள். பின்னறையில் அவளும் இஸ்திரிப் பெட்டியும் மட்டும். பலகைத் தடுப்புக்கு அப்பால் வெட்டு மேஜை. துணி வெட்டும் பெண்களின் சிரிப்பு நாள் முழுக்கக் காதில் விழும். என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்பது மட்டும் விழாது. அந்த மேஜையில் ஓர் இடம் கிடைத்தால், பேச ஆள் கிடைத்துவிடும்.

அதற்கு ஒரு கணக்குப் பரீட்சை உண்டு. போன முறை வந்த கேள்வி: ஆறு மீட்டர் துணியில், ஒன்றுக்கு முக்கால் மீட்டர் வீதம், எத்தனை தலையணை உறை வெட்டலாம்? வகுத்தாள். எட்டு வந்தது. ஆறை வகுத்தால் எட்டா? பதறிப்போய் அழித்துவிட்டுப் பெருக்கினாள். நாலரை என்று எழுதிக் கொடுத்தாள்.

“நாலரை உறையா? அந்த அரை உறை யாரு தலைக்குக்கா?” என்றாள் மேஜையின் வாயாடி, குண்டூசி என்று பட்டப்பெயர் பெற்றவள். அன்றுதான் அவர்கள் சிரிப்பின் காரணம் அவளுக்கு முழுதாகக் கேட்டது.

அவளும் என்ன செய்வாள்? வகுத்தால் குறையும் என்றுதான் வாழ்க்கை சொல்லித் தந்திருந்தது. கணவன் கண்மூடியதும் கொழுந்தன் வீட்டைப் பங்கு பிரித்தான். வீட்டுக் கூடத்தின் நடுவே சுவர் எழும்பியது. ஜன்னல் அந்தப் பக்கம் போய்விட்டது.

மறு பரீட்சைக்கு முந்தைய மாலை, கணவனின் சட்டைக்கென வாங்கி, கத்தரி படாமலே கிடந்த துணியை எடுத்தாள். ஒன்றரை மீட்டர். அதில் அரை மீட்டர் துண்டு எத்தனை? வெட்ட மனம் வரவில்லை, மடித்துப் பார்த்தாள். மூன்று. துணி ஓர் அங்குலம்கூட வளரவில்லை. கேள்வி கேட்டது துண்டுகளின் எண்ணிக்கையை அல்லவா!

“துணியில முக்கால் பங்கு எவ்வளவுன்னா பெருக்கணும். எத்தனை துண்டு தேறும்னா வகுக்கணும். நீங்க இருந்திருந்தா அப்பவே சொல்லியிருப்பீங்க,” என்றாள் துணியிடம். கண் நிறைந்தது.

மறுநாள் பரீட்சையில் நாலரை மீட்டர் துணி, முக்கால் மீட்டர் உறை. ஆறு வந்தது. கை ரப்பரைத் தேடிப் போனது. இழுத்துக்கொண்டாள்.

மேஜையில் அவளுக்கு இடம் ஒதுக்கிய குண்டூசி, “வாங்கக்கா, இனிமே அரைத் தலைக்காரங்க வந்தா உங்ககிட்டதான் அனுப்புவோம்,” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், வயிறு வலிக்க.

வீடு திரும்பியபோது சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம். இந்தப் பக்கம் யாருமில்லை. மூன்றாக மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு, நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் அதற்குச் சொல்லத் தொடங்கினாள்.