குழாய் வழியாகப் போட்ட அம்புகள்

1. புகார் கொடுக்கப் போன கதை

நான் சாரணியர் அணிக்குக் கேப்டன் ஆனது ஒரு புகாரால்தான். சேவை மனப்பான்மை என்று யாராவது மேடையில் சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கள் வீடு பிரேசர் டவுனில், சர்ச் மைதானத்துக்குப் பின்பக்கம். நான் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் இன்சார்ஜ். வாரம் முழுக்க நின்றே வேலை. சனிக்கிழமை அரை நாள்தான் என்பதால் அன்று மதியத் தூக்கம் எனக்கு ரொம்ப முக்கியம். சரியாக மூன்று மணிக்கு மைதானத்தில் விசில் சத்தம் ஆரம்பிக்கும். நீளமாக ஒன்று, குட்டையாக மூன்று, மறுபடி நீளமாக ஒன்று. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஒருநாள் நைட்டியின் மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு நேராக மைதானத்துக்கே போய்விட்டேன்.

அங்கே இருந்த கேப்டன் நான் கத்தியதை முழுக்கப் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "ஆன்ட்டி, உங்களுக்கு நல்ல குரல். எனக்கு அடுத்த மாசம் கனடா போணும். இந்தப் பொண்ணுங்கள பாத்துக்க ஆள் இல்ல" என்றாள்.

வீடு திரும்பும்போது விசில் என் கழுத்தில் தொங்கியது. என் கணவர் தேவராஜ் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "புகார் குடுக்கப் போன ஆளு போலீஸாயி வந்திருக்கியே" என்றார். அது நடந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

ஆரம்பத்தில் எனக்குச் சாரணியம் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்த ஒரே வேலை செக்கிங்தான். அதனால் அதையே செய்தேன். முதல் யூனிஃபார்ம் இன்ஸ்பெக்ஷனுக்கு இன்ச் டேப்போடு போய் நின்றேன். கழுத்தில் கட்டும் ஸ்கார்ஃப் இரண்டு பக்கமும் ஒரே நீளத்தில் தொங்குகிறதா என்று அளந்தேன். ஒரு குழந்தைக்கு அரை இன்ச் வித்தியாசம். பழக்க தோஷத்தில் "ரிஜெக்ட்" என்றேன். பதினோரு வயசுக் குழந்தை அது. என்னை ஒருமுறை பார்த்தது, பிறகு அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டது. அதன் அம்மாவைச் சமாதானம் செய்து கூட்டிவர எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

2. அவிழாத கொடி

ஐந்து வருஷ சர்வீஸுக்குப் பிறகாவது நான் தேறியிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை.

எங்கள் அணிக்கொடியை மடித்து, சுருட்டி, கயிற்றில் ஒரு தனி முடிச்சுப் போட்டு மேலே ஏற்றி வைப்போம். விருந்தினர் கயிற்றை ஒரு இழு இழுத்தால் முடிச்சு அவிழ்ந்து கொடி விரியும். அந்த வருஷம் ஆண்டு விழாவுக்குக் கொடியை நான்தான் கட்டினேன். கம்பெனியில் ஷர்ட் பண்டில் கட்டுகிற கை. ஆயர் வந்தார், இழுத்தார். பிறகு அங்கியைக் கொஞ்சம் ஏற்றிவிட்டுக்கொண்டு பலமாக இழுத்தார். கம்பம்தான் ஆடியது. கொடி விரியவில்லை.

அப்போது வரிசையிலிருந்து ஒரு பெண் பக்கத்தில் வந்து என் காதில் சொன்னாள், "மிஸ், அது இழுத்தா அவுரணும். நீங்க தாலி முடிச்சு போட்டிருக்கீங்க."

அவள்தான் சங்கீதா. வயது பத்து. வீடு ஜீவனஹள்ளியில், அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அணியில் சேர்ந்து இரண்டே மாதம் ஆகியிருந்தது. கயிற்றை இறக்கி, கொடியைத் திருப்பிக் கட்டி, மேலே ஏற்றிவிட்டு வரிசைக்குப் போய் நின்றுகொண்டாள். ஆயர் இரண்டு விரலால் இழுத்தார், கொடி விரிந்தது.

அன்றிலிருந்து அணியில் முடிச்சு சம்பந்தப்பட்ட எல்லாப் பொறுப்பும் அவளுடையது. பதினான்கு வயதில் பேட்ரோல் லீடர் ஆனாள். ஆறு பேர், ஏழு பேர் கொண்ட சின்னக் குழுவைப் பேட்ரோல் என்போம். அதற்குத் தலைவி அவள். அவளுடைய குழுவில் அப்போது அவளோடு சேர்த்து ஐந்து பேர்.

3. குனியாமல் அம்பு

மாநில விருதுக்கான தேர்வில் ஒரு பகுதி ஹைக் என்கிற நடைப்பயணம். கேப்டன் முன்கூட்டியே போய் வழிநெடுக அடையாளம் போட்டு வைக்க வேண்டும். பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே குறித்த இடத்துக்கு வந்து சேர வேண்டும். கல்லை அடுக்கி அம்பு, குச்சியைக் குறுக்கே போட்டால் இந்த வழி இல்லை, வட்டத்துக்குள் கல் வைத்தால் வந்து சேர்ந்தாயிற்று. அங்கே கிடக்கிற கல், குச்சி, புல் கொண்டுதான் போட வேண்டும் என்பது விதி. வெளியிலிருந்து எதையும் கொண்டுபோகக் கூடாது.

சங்கீதாவுக்கு அது கடைசி வாய்ப்பு. இன்னும் ஒரு மாதத்தில் பதினாறு முடிகிறது, வயது வரம்பு தாண்டிவிடும். அவளுடைய அப்பா ஹைக்குக்கு அனுப்பவே ரொம்ப யோசித்தார். "ஊர் ஊரா சுத்துறதுக்கு இதுதான் கடைசி, பாஸ் பண்ணிட்டு வா" என்று சொல்லித்தான் கையெழுத்துப் போட்டார். ஐந்து வருஷ உழைப்பு அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது.

ஆனேக்கல் பக்கம் ஒரு ஏரிக்கரையில் ஆரம்பித்து, ஒரு மாந்தோப்பில் முடிகிற வழி. ஐந்து கிலோமீட்டர். ஐந்து கிலோமீட்டருக்கு நாற்பது அடையாளம், நாற்பது தடவை குனிந்து நிமிர வேண்டும். எனக்கோ மூட்டு வலி. முந்தின நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் அதைக் கண்டுபிடிப்பு என்றே நினைத்தேன். வீட்டில் கிடந்த பிளம்பிங் குழாய் ஒன்றை எடுத்து, மேலே புனல் செருகி, ஜீவனஹள்ளி கடையில் வெள்ளை ரங்கோலிப் பொடி இரண்டு கிலோ வாங்கினேன். புனலில் பொடியைக் கொட்டிக் குழாயை ஆட்டினால் நின்றபடியே அம்பு போடலாம். தேவராஜ் பார்த்துவிட்டு, "இது விதியில இருக்கா?" என்றார். "வெள்ளையா பளிச்சுன்னு தெரியும், பிள்ளைங்களுக்கு நல்லதுதானே" என்றேன்.

தேர்வாளருக்கு அனுப்ப வேண்டிய படிவத்தை நான் அதற்கு முன்பே நிரப்பிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். 'வழிக்குறிகள்: அவ்விடத்தில் கிடைத்த கல், குச்சி' என்று என் கையெழுத்தில் அழகாக இருந்தது. அதை நான் மாற்றவில்லை.

ஞாயிறு விடியும்போதே போய் நாற்பது அம்புகளையும் ஒருமுறைகூடக் குனியாமல் போட்டு முடித்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பிள்ளைகள் எட்டரை மணிக்கு வந்து இறங்கினார்கள். போன்களை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டு, சங்கீதாவிடம் சொன்னேன்: "இன்னிக்கு கல்லு, குச்சி இல்ல. வெள்ளையா அம்பு இருந்தா அது நம்மது. வந்துட்டே இரு."

பத்தரைக்கு வர வேண்டியவர்கள் பதினொன்றரை ஆகியும் வரவில்லை. மாந்தோப்பில் தேர்வாளர் சுமித்ரா மேடம் பாயில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நீளமாக ஒன்று, குட்டையாக மூன்று என்று ஊதிக்கொண்டே தோப்பைச் சுற்றினேன். ஐந்து பேரும் பெண் பிள்ளைகள், போன் என் பையில். ஜெபம் பண்ணக்கூட வாய் வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு என் போன் அடித்தது. தெரியாத நம்பர். "மேடம், உங்க பொண்ணுங்க அஞ்சு பேரும் நம்ம லேஅவுட் ஆபீஸ்ல இருக்காங்க. கழுத்து அட்டைல உங்க நம்பர் இருந்துச்சு. ஜூஸ் குடுத்திருக்கேன். நீங்களும் வாங்க, கார்னர் சைட் ஒண்ணு இருக்கு, பாத்துட்டுப் போலாம்."

ஆட்டோ பிடித்து ஓடினேன். பாதி வழியில், சாலை இரண்டாகப் பிரிகிற இடத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. அங்கே நிலத்தை மனை மனையாகப் பிரித்துப் புதிதாக ஒரு லேஅவுட் போடுகிறார்கள். சர்வே செய்கிறவர்கள் சுண்ணாம்புப் பொடியால் அம்புக்குறி போட்டிருந்தார்கள். வெள்ளையாக, நேராக, என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது. என்னுடைய அம்பு இடது பக்கம், அவர்களுடையது வலது பக்கம். எங்கள் பிள்ளைகள் நல்ல அம்பின் பின்னால் போயிருக்கிறார்கள்.

ஐந்து பேரும் ஆபீஸ் நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வழி சரியில்லை என்று தெரிந்ததும் சங்கீதா யாரையும் கலைய விடவில்லை, அலைய விடவில்லை. எண்ணி உட்கார வைத்து, தண்ணீர் குடிக்க வைத்து, சைட் விற்கிறவரிடம் போன் போடச் சொல்லியிருக்கிறாள். புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே செய்திருந்தாள்.

திரும்பும்போது அவர்களை முன்னால் நடக்கவிட்டு நான் பின்னால் வந்தேன். ஹைக் முடிந்ததும் வழிக்குறிகளை அழித்துவிட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அந்த விதியை அன்றைக்கு நான் மிகுந்த பக்தியோடு கடைப்பிடித்தேன். என் கண்ணில் பட்ட ரங்கோலிப் பொடியையெல்லாம் ஷூவால் தேய்த்துக்கொண்டே வந்தேன்.

தோப்பில் சுமித்ரா மேடம் என்ன ஆயிற்று என்று கேட்டார். "பொண்ணுங்க வழி தவறிட்டாங்க மேடம்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முடிவை நிறுத்தி வைத்து, சனிக்கிழமை நேரில் விசாரிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் சங்கீதா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மார்க்கெட் வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்குமுன், "நான் சரியா பாக்கல மிஸ்" என்றாள்.

"பரவால்ல, விடு" என்றேன். அதாவது, நான் அவளை மன்னித்தேன்.

4. சனிக்கிழமை

கம்பெனியில் ஒரு தப்பான பீஸ் என் டேபிளைத் தாண்டிப் போய்விட்டால், எந்த லைன், எந்த டெய்லர் என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவேன். இந்தத் தடவை கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் திங்கள் முதல் வெள்ளி வரை எனக்குக் காரணங்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. சொன்னால் ஹைக்கே ரத்தாகும், பிள்ளைகளுக்கு நஷ்டம். சொன்னால் அணிக்குக் கெட்ட பேர். மேடம் எப்படியும் பாஸ் போட்டுவிடுவார். இப்படியே ஐந்து நாள். பத்து வருஷத்துக்கு மேல் நல்ல பேர் எடுத்தவள் படிவத்தில் பொய் எழுதினாள் என்று ஆகிவிடுமே என்பதுதான் உண்மையான காரணம். அது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை சர்ச் ஹாலில் சுமித்ரா மேடம் ஒரு பக்கம் என் படிவத்தையும், இன்னொரு பக்கம் சங்கீதாவின் ஹைக் நோட்டையும் விரித்து வைத்துக்கொண்டார். சங்கீதா அட்டென்ஷனில் நின்றாள்.

"வெள்ளை அம்பைப் பாத்து வலது பக்கம் போனோம்னு எழுதியிருக்க. உங்க கேப்டன் போட்டது கல்லு, குச்சி. அதுக்கும் பொடிக்கும் வித்தியாசம் தெரியலயாம்மா? பேட்ரோல் லீடர் நீதானே?"

வெள்ளையாக இருந்தால் நம்மது என்று நான் சொன்னதை அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கவனிக்கல மேடம். தப்பு என்னுது" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. வீரமாக எழுந்து நின்றேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். "மேடம், பொடி போட்டது நான். வெள்ளையா இருந்தா போங்கன்னு சொன்னதும் நான்தான். அந்தப் படிவத்துல இருக்கறது பொய்."

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏன் என்று மட்டும் கேட்டார். மூட்டு வலி என்றேன். படிவத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். அந்த ஹைக் செல்லாது. அடுத்த ஞாயிறு வேறொரு கேப்டன் வழி போடுவார், பிள்ளைகள் மறுபடி நடக்கட்டும். நான் அந்தப் பக்கமே வரக் கூடாது. புதிதாகச் சேருகிறவர்களோடு நானும் அடிப்படைப் பயிற்சியை முதலிலிருந்து முடித்தால்தான் இனி தேர்வு ஹைக் நடத்தலாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

வெளியே சங்கீதா நின்றிருந்தாள். அழவில்லை, கோபமாகவும் பேசவில்லை.

"மிஸ், உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"நான் ஆறு நாளா தூங்கல மிஸ். நாலு பேரோட சர்டிஃபிகேட்டையும் நான்தான் கெடுத்துட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன். அப்பாகிட்டகூட சொல்லல."

மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

5. அதன் பிறகு

அடுத்த ஞாயிறு ஐந்து பேரும் பாஸ் ஆனார்கள். எல்லாம் கல், குச்சி. குறித்த நேரத்துக்குப் பதினைந்து நிமிஷம் முன்னாலேயே வந்து சேர்ந்தார்களாம். நான் வீட்டில் உட்கார்ந்து தேவராஜிடம் மணி கேட்டுக்கொண்டே இருந்தேன். விருது கொடுத்த அன்று மற்ற பிள்ளைகள் என்னைக் கட்டிக்கொண்டார்கள். சங்கீதா இடது கையை நீட்டினாள். சாரணியர் கை குலுக்குவது அப்படித்தான், விதியில் இருக்கிறது. நானும் குலுக்கினேன்.

அடிப்படைப் பயிற்சியில் இருபது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மூட்டில் பட்டை கட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து கல் அடுக்கினேன். ஒன்றும் ஆகிவிடவில்லை. இரண்டு நாள் தைலம் தேய்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

புதிதாக வருகிற கேப்டன்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். முடிச்சு பற்றி என்னிடம் கேட்காதீர்கள் என்று சொல்லிவிடுவேன். ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: தப்புப் பண்ணாமல் யாராலும் பிள்ளைகளை நடத்த முடியாது, ஆனால் தப்பு உங்களுடையது என்றால் திரும்பி வருகிற பஸ்ஸில் ஏறுவதற்குள் சொல்லிவிடுங்கள். நான் சனிக்கிழமை சொன்னேன். சுமித்ரா மேடத்துக்கு அது போதும். சங்கீதாவுக்குப் போதவில்லை.

அவள் இப்போது பி.யூ.சி. இரண்டாம் வருஷம், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. மாதம் ஒரு சனிக்கிழமை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வருகிறாள். மரியாதையாகப் பேசுவாள், என் மூட்டு வலியைக்கூட விசாரிப்பாள். நான் வழி போட்டு முடித்ததும், "ஒரு நிமிஷம் மிஸ்" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு அம்பாகத் தானே நடந்து பார்த்த பிறகுதான் பிள்ளைகளை அனுப்புகிறாள்.