கேட்காமல் வைத்த எண்ணெய்

போன தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, முன்பின் தெரியாத ஒரு மனிதரை நான் உயிரோடு பிணமாக்கிவிட்டேன். அடிக்கவில்லை, உதைக்கவில்லை. ஜெபம்தான் செய்தேன். எங்கள் சபையில் இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரியுங்கள். ஆனால் என் ஆண்டவர் அன்று என்னை விட்டுவிடவில்லை என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

வீடு கள்ளிக்குப்பம், வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மெஷின். போதகர் ஐயா, என் மனைவியின் தம்பி தேவா, நான் என்று மூன்று பேர் ஊழியத்துக்குக் கிளம்பினோம். ஆந்திர எல்லை தாண்டி, மலைகளுக்கு நடுவே ஓடும் ஆறு. படகில் மட்டுமே போக முடிகிற பழங்குடி ஊர்கள். அந்த ஜனங்கள் இரட்சிக்கப்படவேண்டும், ஆத்தும பாரம் தாங்கமுடியவில்லை என்று சபையில் எழுந்து சத்தமாகச் சொன்னவன் நான்தான். கொரட்டூர் ஏரியையே கரையில் நின்று பார்க்கிறவன். நீச்சல் தெரியாது.

அந்த ஊர் எங்களைக் கூப்பிடவில்லை. படகு கரை தொட்டதும் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஒருவன் வழியை மறித்துக்கொண்டு நின்றான். அவன் பேசியதைப் படகுக்காரர் தெலுங்கில் சொல்ல, தேவா எங்களுக்குத் தமிழில் சொன்னான். தேவா ஆவடியில் தெலுங்கு வீட்டு மாப்பிள்ளை. மாமியாரிடம் திட்டு வாங்கியே மொழி கற்றவன். அதனால் திட்டு ஒன்றும் விட்டுப்போகாமல் வந்தது. உங்களைப் போல முன்பும் வந்தார்கள், எங்கள் பிள்ளைகளோடு போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். படகைத் திருப்புங்கள்.

திருப்பியிருப்போம். அதற்குள் அவனுடைய தாய் வந்தாள். புருஷனுக்கு மூன்று நாளாய்க் காய்ச்சல், மாத்திரை இருக்கிறதா என்று கேட்டாள். ஐயாவின் பையில் இருந்தது. மகன் முறைத்துக்கொண்டே விலகினான்.

பாயில் படுத்திருந்தவருக்கு உதடு வெடித்திருந்தது. ஐயா மாத்திரையைத் தேடிக்கொண்டே, ஏதாவது சாப்பிட்டாரா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை இல்லை. சட்டைப்பையில் ஜெப எண்ணெய் பாட்டில் இருந்தது. சபையில் ஐயா நெற்றியில் ஒரு சொட்டுதான் வைப்பார். நான் உள்ளங்கை நிறைய ஊற்றி, அவர் உச்சந்தலையில் அரக்கித் தேய்த்து, கண்ணை மூடிச் சத்தமாக ஜெபித்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

ஒப்பாரிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். மகனின் கை என் காலரில் இருந்தது. தேவாவுக்கு முகமே வெளுத்துவிட்டது.

"இன்னா காரியம் பண்ணிட்டே மாமா. இங்க மூச்சு நின்னப்புறம்தான் தலைல எண்ணெ வைப்பாங்களாம். வச்சிட்டா அந்தாளு பொணமாம். இனிமே வாயில தண்ணிகூட ஊத்தமாட்டாங்களாம்."

மகன் படகுத் துடுப்புகளைப் பிடுங்கிக்கொண்டு ஆற்றோரம் போய் நின்றான். அப்பன் போனால் குழியை நீங்களே வெட்டவேண்டும், உங்களை என்ன செய்வது என்று அப்புறம் பார்க்கிறேன் என்றான்.

எங்கள் ஊரில் எண்ணெய் சுகத்துக்காக வைப்பது என்று விளக்கினேன். மூன்று மொழியில் போன விளக்கம் மூன்று மடங்கு கோபமாகத் திரும்பி வந்தது. ஐயா நீட்டிய மாத்திரையை அந்த அம்மா தள்ளிவிட்டாள். தண்ணீர்க் குடம் அவள் பக்கத்திலேயே இருந்தது. அவள் கை அதைத் தொடவில்லை. அழுதுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவருக்குப் பின்னால் போய் விழுந்தேன். ஆண்டவரே, வேறு படகு அனுப்பும். போலீஸ் அனுப்பும். கண்ணைத் திறந்தால் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாப்பாக இருக்கட்டும். கண்ணைத் திறந்தேன். அதே ஆறு. அதே மகன். அதே துடுப்பு.

அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நேரம் ஜெபித்தும் அந்த மனிதரின் தாகம் ஒரு தடவைகூட என் வாயில் வரவில்லை. அழுதேன். "படகு வேணாம் ஆண்டவரே. அவர் வாயில தண்ணி போவணும். அதுக்கு நான் இன்னா பண்ணணும், அதை மட்டும் சொல்லும்" என்றேன்.

சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இவர்களிடம் ஒன்றுமே கேட்கவில்லையே என்று மனதில் பட்டது. எழுந்து போய், இதைத் திருப்ப வழி உண்டா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். அவள் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

வழி இருந்தது. எண்ணெய் வைத்த கையே ஆற்றுத் தண்ணீரால் அவர் தலையைக் கழுவ வேண்டும். பிறகு மிச்ச எண்ணெயைத் தன் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். படுத்திருப்பவர் சாப்பிடும்வரை நான்தான் பிணம். சோறு தண்ணீர் கிடையாது, பேச்சு கிடையாது.

தேவா, "உனக்கு சுகர் வேற கீதே மாமா" என்றான். ஐயா தன் தலையில் வைக்கச் சொன்னார். வைத்தவன் தலையில்தான் வைக்கவேண்டும் என்று மகன் கத்தினான்.

கழுவினேன். பாட்டிலை என் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். அடுத்த நிமிடமே அந்த அம்மா கையால் தண்ணீர் அள்ளிப் புருஷன் வாயில் விட்டாள். அவர் தொண்டை ஏறி இறங்கியது. பிரியமானவர்களே, என் ஜெபத்துக்குப் பதில் அந்தத் தொண்டையில்தான் வந்தது.

பிறகு மாத்திரையும் கொடுத்தார்கள். நான் வெயிலில் பிணமாக உட்கார்ந்திருந்தேன். போகிறவர்கள் என் பக்கமாகத் துப்பிவிட்டுப் போனார்கள். தலை சுற்றியது. மாமா இவ்வளவு நேரம் வாய் மூடி நான் பார்த்ததே இல்லை என்று தேவா இன்னமும் சபையில் சொல்லிச் சிரிக்கிறான்.

பொழுது சாயும் முன் அவருக்கு வியர்த்துக் காய்ச்சல் விட்டது. எழுந்து சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். வெளியே உட்கார்ந்திருப்பது யார் என்று விசாரித்து, ஏதோ சொன்னார். படகுக்காரர் சிரித்துவிட்டார். தேவா எனக்குச் சொன்னான்: "அந்தப் பொணத்துக்கும் கஞ்சி ஊத்துங்க, நெஜமாவே போயிடப்போவுதுன்றாரு."

மகன் கஞ்சியைக் கொண்டுவந்தான். என் கையில் தரவில்லை, தரையில் வைத்தான். பக்கத்தில் துடுப்புகளையும் போட்டான். இனி இவர்களை இங்கே கூட்டி வராதே என்று படகுக்காரரிடம் சொன்னான். ஐயா தலையாட்டினார். நாங்கள் மறுபடி அங்கே போகவில்லை.

ஆத்தும ஆதாயம் எத்தனை, எத்தனை பேர் விசுவாசத்துக்கு வந்தார்கள் என்று கேட்டால், ஒருவரும் இல்லை. அங்கே யாரும் எங்களோடு பாடவில்லை. ஆனால் அன்றுமுதல் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போனாலும், உங்களுக்காக ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு நிற்கிறேன். வேண்டாம் என்றால் உட்கார்ந்து சும்மா பேசிவிட்டு வருகிறேன். பாட்டில் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது, தன் கையாலேயே செய்த தப்பில் மாட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருக்கலாம். அப்படியே ஆண்டவரைக் கூப்பிடுங்கள். நீங்கள் கேட்ட படகு வராமல் போகலாம். உங்களால் தாகத்தில் கிடக்கிறவருக்கு முதலில் தண்ணீர் கேளுங்கள். அதை ஆண்டவர் தருவார். உங்கள் கஞ்சி அதற்கப்புறம் வரும். என்னுடையதில் உப்பில்லை. ஸ்தோத்திரம் சொல்லி, வழித்துக் குடித்தேன்.